ஆளில்லாத வசனத்துக்கு ஒரு புள்ளி

முப்பத்து நான்கு வயதில் பழைய வேலையைப் பற்றி நினைவுக் குறிப்பு எழுத இவளுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். ஒன்பது வருடம் நான் பார்த்த வேலையை எங்கள் நிறுவனம் சென்ற வசந்தத்தில் இல்லாமல் செய்துவிட்டது. தலைமைப் பணிப்பாளரின் செயலாளர் என்ற பதவி இனி அங்கே கிடையாது. கூட்டத்தில் கதைப்பதையெல்லாம் ஒரு மென்பொருள் கேட்டு, நாங்கள் கதிரையை விட்டு எழும்ப முன்னமே குறிப்பாக எழுதித் தந்துவிடுகிறது. என்னைத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது, "பழைய பணிப்பாளர் கிரகாம் காலத்தில் கூட்டக் குறிப்பு எழுதுவது அவ்வளவு பெரிய விசயமா?" என்று கேட்டார்கள். சாப்பாட்டு இடைவேளை அரை மணித்தியாலம்தான். அதற்குள் பதில் சொல்லி முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. அம்மா பிலோமினா மன்னாரில் இரண்டாம் வகுப்போடு நின்றவர். வீட்டில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. அப்பா கடலுக்குப் போனவர், கையெழுத்து மட்டும் போடுவார். நான் டென்மார்க்கில், விபோர்க் ஆஸ்பத்திரியில் பிறந்து, ஸ்கீவயில் வளர்ந்து, ஓகூஸில் வணிகக் கல்லூரியை முடித்தேன். கல்லூரியும் பயிற்சியுமாக நாலு வருடம். அந்த நாலு வருடத்தில் கற்றது இவ்வளவுதான்: வேகமாகத் தட்டச்சுச் செய்வது, கடிதத்தின் வடிவம், யாருடைய கோப்பிக்குப் பால் விடவேண்டும் என்பது. மீதியெல்லாம் கிரகாமின் அறைக்கு வெளியே இருந்த என் மேசையில் கற்றது.

ஸ்கீவ நகரத்தின் விளிம்பில் இருக்கும் எங்கள் தொழிற்சாலை ஆஸ்பத்திரிகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் கட்டில் செய்கிறது. நான் அலுவலகத்தில் சேரும் முன்பே அம்மா கீழே பொருத்து மேசையில் பல வருடம் வேலை செய்துகொண்டிருந்தார். "என்ர மகள் டிரெக்டரின்ர கதவுக்குப் பக்கத்தில இருக்கிறாள்" என்று கோயிலில் எல்லோருக்கும் சொன்னார். அப்போது பணிப்பாளர் ஒரு டெனிஷ்காரர். அடுத்த வருடம் கிரகாம் வந்தார்.

கிரகாம் இங்கிலாந்தின் நடுப்பகுதியில், பூட்டுகளுக்குப் பெயர்போன ஒரு சிறு நகரத்தில் பிறந்தவர். அப்பா பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பதினாறு வயதில் ஒரு பூட்டுப் பட்டறையில் தொழில் பழகுநராகச் சேர்ந்து, மாலை வகுப்பில் படித்து, மேற்பார்வையாளராகி, பிறகு தொழிற்சாலை முகாமையாளராகி, கடைசியில் மூன்று நாடுகளில் கிளைகள் உள்ள ஒரு பெரிய நிறுவனத்துக்கே தலைமை வகித்தவர். அங்கிருந்து விலகி, ஐம்பத்தாறு வயதில் எங்களிடம் வந்தார். நகரத்தில் எல்லோரும் அவர் ஏதோ பிரபு பரம்பரை என்று நினைத்தார்கள். அவர் பேசும் ஆங்கிலம் படித்த சீமான்களுடையது அல்ல என்பது டெனிஷ்காரருக்கு விளங்கவில்லை. எனக்கு முதல் நாளே விளங்கியது. வீட்டிலும் வெளியிலும் வேறு வேறு விதமாகப் பேசி வளர்ந்தவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும்.

அவருடைய பழக்கங்கள் எங்கள் ஆட்களுக்குப் புதிதாக இருந்தன. தன்னுடைய கூட்ட அறைக்குள் வரும்போதும் கதவைத் தட்டிவிட்டு வருவார். டெனிஷ் மொழியில் எல்லோருக்கும் எல்லோரும் 'நீ'தான், பணிப்பாளரும் 'நீ'தான். முதல் கூட்டத்திலேயே தரப் பிரிவுத் தலைவர் ஹென்ரிக், "இது முட்டாள்தனம், கிரகாம்" என்று முகத்துக்கு நேரே சொன்னார். கிரகாமின் காது சிவந்தது. ஒரு நிமிடம் பென்சிலைப் பார்த்தார். பிறகு, "எது முட்டாள்தனம், எந்த இடத்தில், யார் பார்த்தது?" என்று கேட்டார். அன்றிலிருந்து 'யார் பார்த்தது' என்ற கேள்வி தொழிற்சாலை முழுக்கப் பரவி, கன்டீனில் யாருடைய சாண்ட்விச் காணாமல் போனாலும் அதையே கேட்டுச் சிரித்தார்கள்.

இனிக் கூட்டக் குறிப்பு. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குக் கூட்டம். ஒரே ஒரு தாள், அதில் மூன்று பத்தி. முதலாவதில் தெரிந்தது, இரண்டாவதில் தெரியாதது, மூன்றாவதில் யார் போய்ப் பார்ப்பது. இரண்டாவது பத்தி வெறுமையாக இருந்தால் கூட்டம் முடியாது. "எல்லாம் தெரிந்த மனிதர்கள் இங்கே எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டுக் கோப்பி ஊற்றிக்கொண்டு காத்திருப்பார். பகல் பன்னிரண்டுக்கு முன் குறிப்பு அவர் கையில் இருக்கவேண்டும். யன்னலோரம் நின்றபடி, ஒவ்வொரு வரியின் மேலும் விரலை வைத்து வாசிப்பார். திருத்த மாட்டார். யார் செய்தது என்று சொல்லாத, ஆள் இல்லாத வசனம் எதைக் கண்டாலும் அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். 'தீர்மானிக்கப்பட்டது' என்றால் புள்ளி. 'தாமதம் ஏற்பட்டது' என்றால் புள்ளி. நான் எழுதிய முதலாவது குறிப்பு பதினான்கு புள்ளிகளோடு திரும்பி வந்தது. கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பதினான்கு வசனத்துக்கும் ஆளைத் தேடி ஒவ்வொருவரிடமாகப் போய், "நீயா தீர்மானித்தாய்?" என்று கேட்டேன். எட்டுப் பேர் இல்லை என்றார்கள். அப்படியானால் யார்? அன்று பகல் பன்னிரண்டு மணி தவறியது. ஆனால் அடுத்த கிழமைக் குறிப்பில் இரண்டே புள்ளி.

அந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். பனிமூட்டத்தால் விமானம் பிந்திய ஒருநாள், விமான நிலையத்துக் கதிரையில் நானும் அவரும் காத்திருந்தோம். வேல்ஸில் ஒரு தொழிற்சாலையை மூடியபோது தொழிலாளர்களுக்குக் கொடுத்த கடிதத்தில் 'மூடுவதென முடிவெடுக்கப்பட்டுள்ளது' என்று இருந்ததாம். வயதான ஒரு பொருத்துநர் கடிதத்தோடு அவரிடம் வந்து, "யார் எடுத்தது? நீயா?" என்று கேட்டிருக்கிறார். "நிறுவனம் என்று சொன்னேன்," என்றார் கிரகாம். "எடுத்தது நான்தான்." விமானம் வந்தது, ஏறினோம்.

அவர் பிழை விடாத ஆள் என்று எண்ணவேண்டாம். இந்தக் கட்டுரையே அவர் விட்ட ஒரு பிழையைப் பற்றியதுதான். வந்த முதல் வருடமே அவர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். கீழே ஒவ்வொரு பொருத்து மேசைக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கும். பொருந்தாத உதிரிப் பாகத்தைத் தொழிலாளி அதற்குள் போடவேண்டும். ஒரு மாதம் முழுக்க எந்த மேசையின் பெட்டி வெறுமையாக இருக்கிறதோ, அந்த மேசைக்கு வெள்ளிக்கிழமை காலை கேக். கேக்கைப் பணிப்பாளரே தூக்கிக்கொண்டு போய் வைப்பார்.

அம்மாவின் மேசைக்குத்தான் கேக் போனது. மாதாமாதம் போனது. அந்த மேசையில் அம்மாவோடு இரண்டு தமிழ்ப் பெண்களும், பெட்டிகளை அடுக்கும் ராசன் அண்ணையும். "பிலோமினாக்கா, உங்களாலதான் எனக்குச் சீனி வருத்தம் வந்தது" என்று ராசன் அண்ணை சொல்வார்.

"வந்தா வரட்டும், பெட்டி வெறுமையா இருக்கோணும்," என்பார் அம்மா.

அவருக்கு அது கேக் அல்ல, பதக்கம்.

கிரகாம் வந்து நாலாவது வருடம் அந்தச் சம்பவம் நடந்தது. போலந்தில் எங்களுக்கு இரண்டாவது தொழிற்சாலை ஒன்று திறந்திருந்தார்கள். அதே கட்டில், அதே வரைபடம், அதே இரும்பு. அங்கிருந்து வந்த கட்டில் ஒன்று யூலாந்துப் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தது. கட்டிலின் பக்கத் தடுப்பு திடீரென்று கீழே விழுந்து, அதைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு வயோதிபரும் தரையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். இரண்டு கிழமையில் இன்னொரு இல்லத்திலிருந்து இன்னொரு அறிக்கை. இந்த முறை ஆளுக்குக் காயம் இல்லை. ஆனால் விழுந்தது அதே தடுப்பு, இடது பக்கம்.

செவ்வாய்க் கூட்டத்தில் ஹென்ரிக் தெளிவாகச் சொன்னார். "இங்கே செய்த கட்டிலில் ஆறு வருடமாக ஒரு முறைப்பாடும் இல்லை. அங்கே செய்ததில் இரண்டு. வரைபடம் ஒன்று. அப்படியானால் பிழை ஆட்களில்தான். அங்கே இருக்கும் மேற்பார்வையாளரை மாற்றவேண்டும்."

"மாற்றுவது என்றால்?" என்றார் கிரகாம்.

"வீட்டுக்கு அனுப்புவது."

கிரகாம் என்னைப் பார்த்து, "தெரியாதது என்ற பத்தியில் எழுதுங்கள்: ஒரே வரைபடம், இரண்டு விளைவு, ஏன்," என்றார். மூன்றாவது பத்தியில் ஹென்ரிக்கின் பெயர். ஒரு கிழமை அவகாசம். காரணம் கிடைக்காவிட்டால் போலந்து மேற்பார்வையாளர் போகவேண்டும் என்பதும் அதே தாளில் ஏறியது. அதன் கீழே கிரகாம் தன் பெயரை எழுதச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அம்மா வீட்டில் சாப்பாடு. அலுவலகக் கதையை நான் வீட்டில் கதைப்பதில்லை. அது என் வேலையின் முதல் விதி. அன்று விதியை மீறினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். மீன் குழம்பை ஊற்றியபடி, "முதியோர் இல்லத்தில ஒரு கட்டிலின்ர தடுப்பு விழுந்துபோச்சு" என்று மட்டும்தான் சொன்னேன்.

அம்மா நிமிரவில்லை. "இடது பக்கமோ?"

நான் அகப்பையைச் சட்டியில் வைத்தேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இடது பக்கத் தகட்டு ஓட்டையில ரெண்டு இழுவை அரம் போடாட்டி தடுப்பைப் பூட்டுற கம்பி முழுசா உள்ள போகாது பிள்ளை. டிக் எண்டு சத்தம் மட்டும் கேக்கும். பூட்டினமாதிரி இருக்கும், பூட்டாது." அதை உப்புக் காணாது என்று சொல்வதுபோலச் சொன்னார். "உந்தப் போலந்துக்காரர் அரம் போடேல்லையாக்கும்."

"அம்மா, அரம் போடச் சொல்லி வரைபடத்தில இல்லை."

"வரைபடத்தில இல்லாட்டி? ஓட்டையில இருக்கே."

எழும்பிப் போய்க் கைப்பையைத் திறந்து காட்டினார். கைக்குட்டையில் சுற்றிய ஒரு மெல்லிய வட்ட அரம். நடுவில் பிடிப்பதற்குத் துணிப்பட்டி சுற்றியிருந்தது. தடுப்புத் தகடெல்லாம் அவருடைய மேசையில்தான் பொருத்துவார்கள்; ஆறு வருடமாக, அந்தக் கட்டில் வந்த நாளிலிருந்து, அதைத் தாண்டிய ஒவ்வொரு இடது தகட்டிலும் இரண்டு இழுவை. மற்ற இரண்டு பெண்களுக்கும் அவர்தான் பழக்கியிருக்கிறார். இரண்டாவது அரம் தேய்ந்து, இது மூன்றாவது.

"ஏன் சிவப்புப் பெட்டியில போடேல்ல? ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்ல?"

"என்ன சொல்லுறது? பிலோமினாவுக்கு வேலை தெரியேல்ல எண்டு சொல்லுவினம். டெனிஷ்காரி ஒருத்தி எண்டால் இது சரியில்லை எண்டு போட்டுட்டு மூண்டரைக்கு வீட்ட போவாள். நாங்கள் அப்பிடிப் போடேலுமே? வந்த நாளில இருந்து ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்காமல் இருந்தனாங்கள்."

பெட்டி ஏன் வெறுமையாக இருந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வெறுமைக்குத்தான் கேக் வைத்தோம்.

நான் செய்யவேண்டியது எனக்குத் தெரிந்திருந்தது. அதன் விலையும் தெரிந்திருந்தது. கட்டில் மருத்துவ உபகரணம். அனுமதி இல்லாமல் அதில் ஒரு கீறல் போட்டாலும் வேலையை விட்டு நீக்கலாம் என்று ஒழுங்கு விதியில் இருக்கிறது. அந்த விதியைத் தட்டச்சுச் செய்ததே நான்தான். அம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. இந்த ஊரில் இரண்டாம் வகுப்புப் படித்த ஐம்பத்தேழு வயதுப் பெண்ணுக்கு வேறு யார் வேலை தருவார்கள்? சொல்லாவிட்டால் நான் ஒருநாளும் காணாத ஒரு போலந்துக்காரர் போவார். தடுப்புகள் தொடர்ந்து விழும்.

"அம்மா, இதை நான் கிரகாமிட்டச் சொல்லோணும்."

அம்மா குழம்புச் சட்டியை மூடினார். "உன்னைப் படிப்பிச்சது என்னைக் காட்டிக்குடுக்கவோ?"

அந்த வசனத்தை நான் இன்னும் மறக்கவில்லை. "ஒரு மனுசன் விழுந்து இடுப்பு முறிஞ்சு கிடக்கிறார்" என்றேன்.

"முறிஞ்சதோ? தடுப்பு விழுந்ததெண்டுதான் சொன்னனீ." அம்மா கதிரையில் இருந்தார். "எத்தினை வயசு?"

"எண்பத்து நாலு."

"நடப்பாரோ?"

"தெரியாது."

அம்மா நீண்ட நேரம் அரத்தைக் கைக்குட்டையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். பிறகு, "நீ சொல்லவேண்டாம்" என்றார். நான் வாயைத் திறந்தேன். "நான்தான் சொல்லுவன். நீ மொழிபெயர். ஆனா பார், கூட்டியும் சொல்லப்படாது, குறைச்சும் சொல்லப்படாது. அழுதுகொண்டு சொல்லப்படாது."

திங்கட்கிழமை காலை அம்மாவின் பொருத்து மேசையைச் சுற்றி நின்றோம்: கிரகாம், ஹென்ரிக், தொழிலாளர் பிரதிநிதி பீர்கிட், அம்மா, நான். பீர்கிட்டை அழைத்தது நான்தான். யூனியன் ஆள் இல்லாமல் ஒரு தொழிலாளியை இப்படி நிறுத்தி விசாரிக்கக்கூடாது என்பது இந்த நாட்டின் வழக்கம். என் அம்மாவுக்கும் அது உண்டு. ராசன் அண்ணை இரண்டு மேசை தள்ளி நின்று, ஏற்கெனவே அடுக்கிய பெட்டியைத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா ஒரு புதிய இடது தகட்டை எடுத்தார். கம்பியைத் துளையில் விட்டார். டிக். பிறகு தடுப்பைக் கையால் இரண்டு தடவை ஆட்டிவிட்டு இழுத்தார். தடுப்பு விழுந்தது. இன்னொரு தகட்டை எடுத்து, அரத்தை உள்ளே விட்டு இரண்டு இழுவை. கம்பியை விட்டார். டிக். "இப்ப இழுக்கச் சொல்லு," என்றார் என்னிடம். கிரகாம் இழுத்தார். ஹென்ரிக் தன் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தார். அசையவில்லை.

ஹென்ரிக்கின் முகம் வெளிறியிருந்தது. "இது அனுமதியில்லாத மாற்றம். ஆறு வருடம்! எந்தப் பதிவிலும் இல்லை!"

"பதிவில் இருந்திருந்தால் கேக் கிடைத்திருக்காது, ஹென்ரிக்," என்றார் பீர்கிட்.

கிரகாம் இதைக் கேட்கவில்லை. அரம் போடாத தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, பெருவிரல் நகத்தைத் துளையின் உட்புறம் சுற்றினார். நகம் ஓரிடத்தில் தட்டியது. அவருடைய முகம் மாறியதைப் பார்த்தேன். பணிப்பாளர் போய், பூட்டுப் பட்டறைப் பையன் வந்து நின்றான். தகட்டைத் திருப்பி அம்மாவிடம் காட்டி, விரலால் தகடு வெட்டும் இயந்திரம்போல மேலிருந்து கீழே சைகை செய்தார். அம்மா தலையை ஆட்டி, தகட்டை மறுபக்கம் திருப்பி, கீழிருந்து மேலே சைகை செய்தார். எனக்கு மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. பிறகுதான் எங்களுக்குச் சொன்னார்கள். வலது தகடும் இடது தகடும் ஒரே அச்சில் வெட்டப்படுகின்றன. இடதுக்குத் தகட்டைத் திருப்பி வைப்பதால் வெட்டின் பிசிறு உள்பக்கம் வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. கம்பி அதில் முட்டி நின்றுவிடும்.

"அரத்தைத் தா," என்றார் ஹென்ரிக். "அது ஆதாரம்."

நான் மொழிபெயர்த்தேன். அம்மா கையை மூடிக்கொண்டார். "அது என்ர சொந்த அரம். வேணுமெண்டா எழுதித்தரச் சொல்லு."

ஹென்ரிக் ஒரு துண்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா அதை எட்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பின்னால் ராசன் அண்ணை இருமியதுபோலச் சிரித்தார்.

அடுத்து நடந்தவை வேகமாக நடந்தன. ஒரு மணித்தியாலத்துக்குள் இரண்டு தொழிற்சாலையிலிருந்தும் கட்டில் வெளியே போவதைக் கிரகாம் நிறுத்தினார். உரிமையாளர் குழுவின் தலைவர் தொலைபேசியில் சத்தம் போட்டது என் மேசை வரை கேட்டது. "இல்லை, நாளை அல்ல. நிறுத்தியாகிவிட்டது. நிறுத்தியது நான்," என்றார் கிரகாம். ஒவ்வொரு இல்லத்துக்கும் கடிதம், சம்பந்தப்பட்ட அரச அலுவலகத்துக்கு அறிவித்தல், ஊர் ஊராகப் போய்த் தகட்டை மாற்ற ஆட்கள். போலந்து மேற்பார்வையாளருக்கு அவரே தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டார்.

மறுநாள் செவ்வாய். கூட்டம் முடிந்ததும் அவர் வழமைக்கு மாறாகக் குறிப்பின் ஒரு பகுதியைத் தானே எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 'பொருத்து மேசையில் ஒரு தொழிலாளி, எழுதப்படாத ஒரு திருத்தத்தைப் பல வருடம் செய்துவந்தார்.'

நான் வாசித்தேன். என் பென்சிலை எடுத்தேன். 'ஒரு தொழிலாளி' என்பதன் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, தாளை அவர் பக்கம் திருப்பினேன்.

அவர் அதைப் பார்த்தபடி நின்றார். "டிலானி, இந்தத் தாள் உரிமையாளர் குழுவுக்குப் போகும். நான் அவரைக் காப்பாற்றப் பார்க்கிறேன்."

"தெரியும். அவர் அதைக் கேட்கவில்லை."

"நீங்கள் அவருடைய மகள்."

"அதனால்தான் சொல்கிறேன். ஆறு வருடம் அவர் செய்த வேலை. நல்லதும் அவர்தான், பிழையும் அவர்தான். இதில் ஆள் இல்லாவிட்டால் வேறு எதிலும் நீங்கள் புள்ளி வைக்க முடியாது."

காது சிவந்தது. முதல் கூட்டத்தில் ஹென்ரிக் சொன்னபோது சிவந்த அதே சிவப்பு. ஆனால் பென்சிலை வாங்கி, 'ஒரு தொழிலாளி' என்பதை வெட்டிவிட்டு அம்மாவின் முழுப்பெயரையும் தன் கையால் எழுதினார். பிறகு, "அப்படியானால் கேக்கைப் பற்றியும் எழுதவேண்டும். அது என்னுடைய யோசனை," என்றார்.

என் தாளை எடுத்துக் காட்டினேன். அது அங்கே ஏற்கெனவே இருந்தது: 'வெறுமையான பெட்டிக்குப் பரிசு கொடுத்து, பிழைகளைச் சொல்லவிடாமல் செய்தவர்: கிரகாம்.'

"நல்லது," என்றார். யன்னலோரம் போய் நின்று மற்ற வரிகளை வாசிக்கத் தொடங்கினார்.

அம்மாவை வேலையை விட்டு நீக்கவில்லை. ஆனால் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். பீர்கிட் அதற்கு எதிராக மூன்று நாள் நின்று சண்டை பிடித்தார். அதைக் கிழிக்கும் அதிகாரம் கிரகாமிடம் இருந்தது. அவர் கிழிக்கவில்லை. விதி எல்லோருக்கும் ஒன்று என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதற்காக நான் அவரோடு ஒரு மாதம் தேவைக்கு மேல் கதைக்கவில்லை. இப்போது தரப் பிரிவில் இருந்து யோசிக்கும்போது அவர் செய்தது சரி என்றுதான் படுகிறது, அன்று படவில்லை. கேக் நின்றது. அதன் பிறகு சிவப்புப் பெட்டிக்குள் எதையாவது போட்டவரிடம்தான் கிரகாம் முதலில் போய் நின்றார். முதல் இரண்டு மாதம் அம்மா அந்தப் பெட்டியைப் பார்க்கவே மறுத்தார். பிறகு ஒருநாள் ஒரு வளைந்த திருகாணியைப் போட்டார். அதைச் சொல்ல எனக்குத் தொலைபேசியே எடுத்தார்.

வரைபடமும் மாறியது. இடது தகட்டின் துளை விளிம்பை உள்பக்கம் மழிக்கவேண்டும் என்று புதிய வரி ஏறியது. எங்கள் வரைபடங்களின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும்: மாற்றத்தை முன்வைத்தவர். அதில் அம்மாவின் பெயர் இருந்தது. பிரதி ஒன்றைப் பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்துத் தேடினார். பிறகு எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"எச்சரிக்கையில முழுப்பேர். இதில மட்டும் மூண்டு எழுத்தோ?"

ஹென்ரிக்கிடம் கேட்டேன். பெட்டி மூன்று எழுத்துக்குத்தான் இடம் கொடுக்கும், எல்லாப் பொறியியலாளருக்கும் அப்படித்தான், ஆயிரக்கணக்கான வரைபடங்களின் மாதிரிப் படிவம் மாறவேண்டும் என்றார். சரி என்றேன். அடுத்த செவ்வாய், குறிப்பின் இரண்டாவது பத்தியில் ஒரு வரி எழுதினேன்: 'வரைபடப் பெட்டியில் முழுப்பெயர் எப்போது வரும்?' மூன்றாவது பத்தியில்: ஹென்ரிக். இன்னும் முடிவுக்கு வராத விசயத்தைக் குறிப்பிலிருந்து எடுக்கக்கூடாது என்பது கிரகாமின் விதி. ஆகவே அது இருந்தது. ஒவ்வொரு செவ்வாயும் இருந்தது. முதல் வருடம் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் ஹென்ரிக் அந்த வரி வரும்போது கூரையைப் பார்ப்பார். நான் ஒவ்வொரு கிழமையும் அதைப் புதிதாகத் தட்டச்சுச் செய்தேன், பழையதிலிருந்து ஒட்டவில்லை. நாலாம் வருடம் வரைபட மென்பொருளை மாற்றும் நேரம் வந்தது. ஹென்ரிக் என் மேசைக்கு வந்து, "பெட்டி எத்தனை எழுத்துக்கு இருக்கவேண்டும்?" என்று கேட்டார். அம்மாவின் முழுப்பெயரை எண்ணிச் சொன்னேன்.

கிரகாம் ஓய்வு பெற்ற கிழமையில் கையெழுத்திட்ட கடைசித் தாள் வரைபடத்தின் அந்தப் புதிய மாதிரிப் படிவம்தான். இப்போது எங்கள் நிறுவனத்தின் எந்த வரைபடத்தை எடுத்தாலும், யார் வரைந்திருந்தாலும், வலது மூலைப் பெட்டி அந்த நீளம்தான் இருக்கும். புதிதாக வந்த நீங்கள் இரண்டு பேரும் சென்ற மாதம் அது ஏன் இவ்வளவு அகலம் என்று ஹென்ரிக்கிடம் கேட்டீர்கள் அல்லவா, அவர் கூரையைப் பார்த்தார் அல்லவா, காரணம் இதுதான். மென்பொருள் எழுதும் கூட்டக் குறிப்பையும் நான் ஒவ்வொரு செவ்வாயும் அச்செடுத்துப் பென்சிலோடுதான் வாசிக்கிறேன். உங்கள் மேசைக்குப் புள்ளிகளோடு தாள் வந்தால் கழிவறைக்குப் போய் அழுங்கள், பரவாயில்லை. ஆனால் திரும்பி வந்து ஆளைத் தேடுங்கள்.

புதிய பிரதியை அம்மாவிடம் கொடுத்தபோது அவர் இன்னும் வேலையில்தான் இருந்தார். இளையவர்களுக்கு வேலை பழக்கத்தான் நிற்கிறார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார், அவருக்கு அந்த மேசை வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து, பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாசித்தார். வதிவிட அனுமதியும் ஞானஸ்நானப் பத்திரமும் அரத்துக்காக ஹென்ரிக் எழுதித் தந்த துண்டும் இருக்கும் பிளாஸ்டிக் உறையைத் திறந்து, எச்சரிக்கைக் கடிதத்தை வெளியே எடுத்தார். இரண்டையும் மேசையில் ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்து, இரண்டு பெயரையும் விரலால் அளந்து பார்த்தார்.

"ஓம்," என்றார். "இப்ப ரெண்டும் ஒரே நீளம்."